துவாக் கிண்ணத்தை மறுக்கத் தெரியாமல் நான் இழந்த மூன்று நாள்

போன ஜூன் 3 ஆம் தேதி காலை தீபகற்ப மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு நான் ஒரே அண்ணன். அந்த நேரத்தில் நான் கடலுக்கு இந்தப் பக்கம், போர்னியோத் தீவில் சரவாக் மாநிலத்துக் கூச்சிங்கில், விமானத்தில் இடம் கிடைக்காமல், வாடகை அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தம்பி மடியில் வைத்துக் குத்தினார்கள். குழந்தை வீறிட்டது. தங்கை ஒரு தடவைகூட கைப்பேசிப் பக்கம் திரும்பவில்லை.

இதற்குக் காரணம் சரவாக்கின் பழங்குடியான ஈபான் மக்களின் நீளவீடு ஒன்றில் நான் கழித்த ஓர் இரவும், அங்கே நான் குடித்த துவாக் என்ற அரிசி மதுவும். யார் மேலும் தப்பில்லை. அங்கே இருந்தவர்கள் என்னைப் பெற்ற பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டார்கள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சரவாக்குக்கு வேலையாகவோ சுற்றிப் பார்க்கவோ போகிற தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறோம். அதில் சர்க்கரை நோய் இருக்கிறவர்களும் நிறைய பேர்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். எனக்கு 37 வயது. ஆறு மாதக் குத்தகை வேலைக்காக நிறுவனம் என்னைக் கூச்சிங்குக்கு அனுப்பியது. (தீபகற்ப மலேசியர்களுக்கும் சரவாக்கில் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். அதற்கே மூன்று வாரம் ஓடியது.) நான் குடிக்கிறவன் இல்லை. எங்கள் வீட்டில் மது என்ற பேச்சே கிடையாது. என் தாத்தா கெடா மாநிலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர். சம்பள நாளன்று கள்ளுக்கடை, மற்ற நாளில் சம்சு என்ற மலிவுச் சாராயம். நாற்பத்தைந்து வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். பாட்டி அதற்கப்புறம் ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தாள். கள்ளுக்கடை என்பது அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் உரிமம் கொடுத்துத் தோட்டத்து வாசலிலேயே நடத்த வைத்தது. 1946, 47 இல் கெடாவில் தொண்டர் படை என்று இளைஞர்கள் கிளம்பிக் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினார்கள். பாட்டிக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. தன் அப்பா அந்தப் படையில் நின்றதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள். அப்படி ஒரு அப்பாவுக்குப் பிறந்து, இப்படி ஒரு புருஷனைக் கட்டியதை நினைத்து அழுவாள். அதனால் மது என்றாலே எனக்கு அவமானம், நாற்றம், அடி, அழுகை. அவ்வளவுதான் தெரியும்.

துவாக் என்ற சொல்லைக் கேட்டதும் கள் என்றே நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மலாய்க்காரர்கள் தென்னங்கள்ளைத்தான் அப்படிச் சொல்வார்கள். சரவாக்கில் அது அரிசியில் செய்வது. ஒட்டரிசியை வேக வைத்து, புளிக்க வைத்து, வடிகட்டி எடுப்பது. பார்க்க இளமஞ்சளாக, சில வீட்டில் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். வாசம் பழுத்த வாழைப்பழம் மாதிரி. இனிப்பு. அந்த இனிப்புதான் ஆளைக் கவிழ்க்கும். பியரைப் போல இரண்டு மூன்று மடங்கு வீரியம் அதற்குள் இருப்பது நாக்குக்குத் தெரியாது.

அப்புறம், எனக்குச் சர்க்கரை. மூன்று வருடமாக மெட்ஃபார்மின், கூடவே க்ளிக்லசைட். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்து நாலு வயதிலேயே வந்துவிட்டதே என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

ஜூன் 1 காவாய் டாயாக், அறுவடைத் திருநாள். சரவாக்கில் இரண்டு நாள் விடுமுறை. 1964 செப்டம்பரில் அரசிதழில் வந்து, 1965 ஜூன் 1 முதல் தடவையாக அதிகாரபூர்வமாகக் கொண்டாடினார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு நீளவீடும் அறுவடை முடிந்ததும் தன் வசதிக்குக் கொண்டாடிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை செய்யும் ஈபான் நண்பன், "காவாய்க்கு எங்க வீட்டுக்கு வா, 31 ஆம் தேதியே வந்துடு" என்று கூப்பிட்டான். 2 ஆம் தேதி காலை 11 மணிக்கு எனக்குக் கோலாலம்பூர் விமானம். 1 ஆம் தேதி மாலையே கூச்சிங் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் நண்பனின் மனைவிக்குப் பிரசவ வலி வந்து அவனால் வர முடியவில்லை. "நீ போ, அம்மாகிட்ட சொல்லிட்டேன், உனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க" என்றான். வாடகைக் கார் எடுத்துத் தனியாகக் கிளம்பினேன்.

இங்கேயே முதல் பாடம். ஒரு நீளவீட்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். கூட அந்த வீட்டு ஆள் ஒருவர் இருந்தால், எங்கே உட்கார வேண்டும், யாருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், எப்போது போதும் என்று சொல்லலாம் என்பதெல்லாம் காதோரம் சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு அந்தக் குரல் இல்லாமல் போயிற்று.

கூச்சிங்கிலிருந்து செரியான், லாச்சாவ் வழியாக ஸ்ரீ அமான் பக்கம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காவாய்க்கு முந்தின நாள் பாதி சரவாக் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும். மூன்று மணி நேரப் பாதைக்கு எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. மதியச் சாப்பாடு லாச்சாவ் கடையில் இரண்டு வாழைப்பழ வறுவலோடு முடிந்தது. போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இது இரண்டாவது தப்பு. வெறும் வயிற்றோடு காவாய் வீட்டுக்குள் நுழையவே கூடாது.

நீளவீட்டை ருமா பாஞ்சாய் என்பார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். இந்த ருமாவில் 21 கதவு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளே ஓர் இருப்பிடம், அது பிலிக். எல்லாக் கதவுக்கும் முன்னால் முழு நீளத்துக்கும் ஓடுகிற பொதுத் திண்ணை ருவாய். நம் பழைய தெருத் திண்ணைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கூரை போட்ட மாதிரி இருக்கும். படியேறியதும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் பெண் கையில் கூஜா, அடுத்தவள் கையில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். ஊற்றி நீட்டினாள். நான் தயங்கினேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். மறுத்தால் அவமதிப்பாகிவிடுமோ என்று பயந்து வாங்கிக் குடித்தேன். என் வாழ்நாளில் முதல் மது அது. அடுத்த பெண் நீட்டினாள். அதையும் குடித்தேன். வரிசை முடியும்போது ஐந்து கிண்ணம்.

நண்பனின் அம்மாவை எல்லோரும் இந்தாய் என்று கூப்பிட்டார்கள். ஈபான் மொழியில் அம்மா. எழுபது வயது இருக்கும், கைகள் கொட்டாங்கச்சி மாதிரி காய்த்திருந்தன. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சாயங்காலம் நடந்தது எதையும் நான் மறக்க மாட்டேன். இரண்டு பேர் ஒரு பெரிய முறத்தைக் கயிறு கட்டித் திண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வேண்டாத பழைய சாமான் ஒன்றை அதில் போட்டார்கள். கிழிந்த துணி, உடைந்த கரண்டி, கைப்பிடி இல்லாத வாளி. பேராசையின் ஆவியை வெளியேற்றுகிற சடங்கு, முவாய் அந்து ருவா. அத்தனையையும் கோடியில் கொண்டுபோய்க் கீழே கொட்டினார்கள். எனக்கு நம் போகி ஞாபகம் வந்தது. பிறகு மிரிங் என்ற படையல். பொரி, முட்டை, ஒட்டரிசிச் சோறு, வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் தட்டுத் தட்டாக எடுத்து வைத்து, கடைசியில் மேலே துவாக் ஊற்றினார்கள். தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் ஊற்றிய பிறகுதான் மனிதர்களுக்கு. இந்த ருமாவில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்கள் தனியாக ஜெபம் செய்துவிட்டு வந்து அதே பாயில் உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் ஙாபாங். ஒவ்வொரு குடும்பத்தின் பாய்க்கும் விருந்தாளி போய் உட்கார்ந்து வர வேண்டும். போகிற இடத்திலெல்லாம் கிண்ணம். பதினான்காவது பாய்வரை எண்ணினேன், அதற்கு மேல் ஞாபகமில்லை. ஒவ்வொரு வீட்டுத் துவாக்குக்கும் ஒவ்வொரு ருசி. ஒன்று தேன் மாதிரி, ஒன்று இஞ்சிக் காரம், ஒன்று லேசான புளிப்பு. "எங்க வீட்டுது எப்படி?" என்று அந்த வீட்டுப் பாட்டி முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது மிச்சம் வைக்க மனம் வருமா? காலி செய்தேன். காலிக் கிண்ணத்தைப் பார்த்தால் அவர்கள் மறுபடி ஊற்றுவார்கள், அதுதான் உபசாரம். இது எனக்குத் தெரியாது. போதும் என்றால் கிண்ணத்தைக் காலி செய்யாதீர்கள், நிறைந்தபடியே முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த கிண்ணத்தை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

நடுவில் எட்டு மணிக்கு வழக்கம்போல க்ளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மூங்கில் குழாயில் வேக வைத்த கோழி இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன். வயிறு துவாக்கால் நிறைந்திருந்தது, சோறு இறங்கவில்லை. நள்ளிரவில் வெண்கலச் சேகண்டி முழங்கியது. துவாய் ருமா, அதாவது அந்த வீட்டின் தலைவர், எழுந்து நின்றார். எல்லோர் கையிலும் கிண்ணம். இந்த நள்ளிரவுக் கிண்ணத்துக்கு ஆய் பெங்காயு என்று பெயர், நீண்ட ஆயுளுக்கான நீர். "காயு குரு, கெராய் ஞாமாய்" என்று நூறு குரல் சேர்ந்து வந்தது. நெடுநாள் வாழ்க, நோயின்றி வாழ்க, வளமாக வாழ்க. என் தாத்தாவின் உயிரைக் குடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட ஆயுள் வேண்டுகிறார்களே என்று தொண்டை அடைத்தது. குடித்தேன். இரண்டு மணிக்குப் பாயில் விழுந்தேன்.

காலை ஏழு மணிக்கு விழிப்பு வந்தது. தலை பிளந்தது. கைப்பேசி மாத்திரை நேரம் என்று ஒலித்தது. பழக்கதோஷம், எழுந்து வெறும் வயிற்றில் காலை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். எல்லாத் தப்பிலும் பெரிய தப்பு இதுதான். ஒன்பது மணிக்கு யாரோ எழுப்பினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச வாயெடுத்தால் நாக்கு புரளவில்லை. எதிரே இருந்த முகம் இரண்டாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள், "நேத்து ராத்திரி போதை, தூங்கட்டும் விடு" என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குடித்துப் பழக்கமில்லாதவனுக்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்?

என்னைக் காப்பாற்றியது நான்காவது கதவு வீட்டுப் பெண். மிரியில் தாதியாக வேலை பார்க்கிறவள், காவாய்க்கு வந்திருந்தாள். என் நெற்றியைத் தொட்டாள். சூடில்லை, ஜில்லென்று வியர்வை. என் பையைத் திறந்து மாத்திரை அட்டையைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தன் பாட்டியின் சர்க்கரை அளக்கும் கருவியை எடுத்து வந்து விரலில் குத்தினாள். 2.6 mmol/L. நாலுக்குக் கீழே போனாலே குறைவு. இந்தாய் அடுப்படியிலிருந்து சீனி கரைத்த வெந்நீரைக் கொண்டு வந்தாள். அந்தப் பெண் என் தலையைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினாள், 3.4. இன்னும் கொஞ்சம் சீனித் தண்ணீர், பிறகு சோறு. பத்தரை மணிக்கு எனக்குச் சுற்றிலும் இருந்தது தெளிந்தது. முதலில் தெரிந்தது இந்தாயின் முகம். அவள் அழுதுகொண்டிருந்தாள். தான் ஊற்றியதால்தான் இப்படி ஆனது என்று நினைத்திருக்கிறாள்.

நடந்தது என்ன என்று பிறகு மருத்துவர் விளக்கினார். சாப்பிடாத நேரத்தில் கல்லீரல்தான் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே மது இருந்தால் கல்லீரல் அதைக் கழிப்பதிலேயே மும்முரமாகி, சர்க்கரை விடுவதைக் குறைத்துவிடும். க்ளிக்லசைட் வகை மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால், குடித்துப் பல மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும்கூட, சர்க்கரை சரியலாம். துவாக் இனிப்பாக இருக்கிறதே, சர்க்கரை ஏறத்தானே செய்யும் என்றேன். முதலில் ஏறும், பிறகு இறங்கும், இறக்கத்தைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை என்றார். இதைவிட முக்கியம், சர்க்கரை குறைந்தவனும் குடித்தவனும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். தள்ளாட்டம், குழறல், வியர்வை, எரிச்சல், மயக்கம். குடித்த ஆள் என்று தூங்க விட்டுவிட்டால் உயிரே போகலாம். அதனால் விருந்துக்குப் போகும் இடத்தில் ஒருவரிடமாவது உங்கள் நோயைச் சொல்லி வையுங்கள். நான் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன். அந்தத் தாதிப் பெண் மட்டும் விடுமுறைக்கு வராமல் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை. மது குடிக்கலாமா, குடித்தால் எந்த மாத்திரையை என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்னாலேயே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

தெளிந்துவிட்டேன், கிளம்புகிறேன் என்றேன். அந்தப் பெண் விடவில்லை. இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும் என்றாள். அவளுடைய அண்ணன் என் காரை ஓட்ட, மருத்துவமனைக்குப் போனோம். சொன்னபடியே மதியம் மறுபடி 3.1 க்கு இறங்கியது. குளுக்கோஸ் ஏற்றி, இரவு முழுக்க மணிக்கொரு தடவை விரலில் குத்தி, 2 ஆம் தேதி மதியம்தான் விட்டார்கள். 11 மணி விமானம் போய்விட்டது. காவாய் முடிந்து திரும்பும் கூட்டத்தில் 3 ஆம் தேதி இரவு வரைக்கும் ஓர் இருக்கைகூட இல்லை. தங்கைக்கு மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அழைத்துச் சொன்னேன். "குடிச்சிட்டு விழுந்து கிடந்தியா அண்ணா?" என்று கேட்டாள். தாத்தா கதையில் வளர்ந்தவள் வேறெப்படிக் கேட்பாள்? நல்ல நேரம் பார்த்து, மண்டபம் பிடித்து, நூறு பேரைக் கூப்பிட்டாயிற்று. தள்ளிவைக்க முடியாது. நான் ஒன்றும் பேசாமல் போனை வைத்தேன். அதற்கு மேல் அந்தக் கட்டிலில் கிடந்த நேரம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

காரைத் திறந்தபோது இன்னொன்று. அவசரத்தில் என் பையை ஏற்றியவர்கள், இந்தாய் பிரியத்தோடு கொடுத்த நாலு கண்ணாடிப் பாட்டில் துவாக்கையும் பின்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூடியை இறுக்கி மூடி, மருத்துவமனை வாசலில் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்ற கார். இரண்டு பாட்டில் வெடித்து, இரண்டு கசிந்து, விரிப்பெல்லாம் ஊறிப் புளித்த வாடை. வீட்டுத் துவாக்கை யாரும் கொதிக்க வைத்து அடைப்பதில்லை, உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும். சூடு பட்டால் வாயு கிளம்பி அழுத்தம் ஏறும். அதனால் வீட்டில் செய்ததைக் கொண்டுவருவதானால் கெட்டியான பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். பாட்டிலை அமுக்கிப் பார்த்தாலே அழுத்தம் தெரியும், கல் மாதிரி ஆனால் மூடியை லேசாகத் திறந்து விடலாம். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

கணக்கு இது. போன விமானச் சீட்டு 190 ரிங்கிட், புதுச் சீட்டு 540, காருக்குக் கூடுதல் இரண்டு நாள் வாடகை 260, காரைச் சுத்தம் செய்ய 250. மொத்தம் 1,240 ரிங்கிட். அதுபோக இரண்டு நாள் சம்பளம். காது குத்துக்குக் கணக்கில்லை.

ஜூன் கடைசி சனிக்கிழமை நண்பன் மறுபடி கூப்பிட்டான். ஙிலிங் பிடாய், பாயைச் சுருட்டுகிற நாள். காவாய்க்காக விரித்த பாயை அன்றைக்குத்தான் சுருட்டி விழாவை முடிப்பார்கள். எனக்குப் போக மனமில்லை. ஆனால் இந்தாய் தினமும் என்னைக் கேட்கிறாள் என்றான். போனேன். இந்தத் தடவை வயிறு நிறையச் சாப்பிட்டு, சர்க்கரைக் கருவியோடு, அவனோடு சேர்ந்து.

படியில் அதே கூஜா, அதே கிண்ணம். நான் கை கூப்பினேன். இந்தாய் முன்னால் வந்து என் வலது கைச் சுட்டுவிரலைப் பிடித்தாள். அதைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள், பிறகு அதே விரலை என் உதட்டில் வைத்தாள். "பாலிட்" என்றாள். அவ்வளவுதான். ஊற்றியவள் சந்தோஷமாகத் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

நீட்டிய உணவையோ பானத்தையோ தொடாமல் போனால் புனி என்பார்கள் ஈபான்கள். போகிற வழியில் பாம்பு கடிக்கும், முதலை இழுக்கும், விபத்து நடக்கும் என்ற நம்பிக்கை. மறுத்தவருக்கே ஆபத்து என்பதால்தான் அவர்கள் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள். நம்மைக் குடிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை அதில் இல்லை, நமக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றம். விரலால் தொட்டாலே அந்த ஆபத்து போய்விடும். "முடிஞ்சா குடி, முடியாட்டித் தொடு. அன்னைக்கு நீ குடிச்சதைப் பார்த்து, ரொம்பப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றாள் இந்தாய். அன்றைக்கு நான் பயத்தில் காலி செய்த ஒவ்வொரு கிண்ணத்தையும் அவள் ஆசையாகக் காலி செய்ததாக நினைத்திருக்கிறாள்.

மறுநாள் எனக்காக ஒரு சின்னப் பானை துவாக் போட்டுக் காட்டினாள். இரண்டு கிலோ புலுட் என்ற ஒட்டரிசியை வேக வைத்துப் பாயில் பரப்பினாள். அரைமணிக்கு ஒரு தடவை புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். துளிச் சூடு இருந்தாலும் ராகி செத்துவிடும் என்றாள். ராகி என்றதும் நான் கேழ்வரகு என்று நினைத்தேன். அது அரிசி மாவில் இஞ்சி மாதிரிச் சரக்குகள் சேர்த்துத் தட்டிக் காய வைத்த வெள்ளை வில்லை. அரிசியில் இருக்கும் மாவுச்சத்தை ஈஸ்ட் நேராகத் தின்ன முடியாது. ராகியில் இருக்கும் பூஞ்சை அதை முதலில் சர்க்கரையாக்கும், பிறகு அதிலேயே இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக்கும். பத்து வில்லையை இடித்துத் தூளாக்கி, பொட்டு வைக்கிற மாதிரி மூன்று விரலால் எடுத்துத் தூவிக்கொண்டே வந்தாள். கையில் எண்ணெய் பட்டிருக்கக் கூடாது, பக்கத்தில் புளிப்பான எதுவும் இருக்கக் கூடாது. பானையில் போட்டுத் துணி கட்டினாள். நாலைந்து நாளில் தானாகவே நீர் விடும், அதன் பிறகு ஆற வைத்த சீனிப்பாகு, அப்புறம் இரண்டு மூன்று வாரம். எங்கள் காலத்தில் சீனி ஏது, அரிசி தரும் இனிப்பு மட்டும்தான் என்றாள்.

அந்த அரிசி அவள் நிலத்தில் விளைந்தது. ஒவ்வொரு பிலிக்குக்கும் பாடி புன் என்று ஒரு நெல் உண்டு. முன்னோரிடமிருந்து கைமாறி வருவது, நெல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று தனியாக நட்டுக் காப்பாற்றுவார்கள். அவளுடைய பாடி புன் அவள் பாட்டிக்குப் பாட்டி கொண்டு வந்ததாம். வருடம் முழுக்கக் குனிந்து உழைத்த அரிசியில் ஒரு பங்கை எடுத்து, ஒரு மாதம் காத்திருந்து, வருகிறவனுக்கு ஊற்றுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் மதுவை விற்றவன் ஒருவன், குடித்து அழிந்தவன் ஒருவன். இங்கே செய்கிறவள், ஊற்றுகிறவள், குடிக்கிறவள் எல்லாம் ஒரே வீடு. அளவு மீறினால் இங்கேயும் உடம்பு கெடத்தான் செய்யும். அதை நானே பார்த்தேன், இரண்டு வீட்டில் குடியால் நொந்த மனைவிகளும் இருந்தார்கள். ஆனால் தாத்தாவின் கள்ளுக்கடையை மனதில் வைத்துக்கொண்டு இந்தாயின் கிண்ணத்தைப் பார்த்தது என் தவறு.

துவாக்கைக் காய்ச்சி வடித்தால் லாங்காவ். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், நெஞ்சை எரிக்கும். யார் வடித்தார்கள் என்று தெரியாத லாங்காவைத் தொடாதீர்கள், அதற்கு மட்டும் பாலிட் செய்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 2018 இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாம் பார்த்தோம். அப்புறம், குடித்த இரவும் மறுநாள் காலையும் வண்டி ஓட்டாதீர்கள். 2020 இலிருந்து சட்டமும் கடுமையாகிவிட்டது. விருந்துக்கு மறுநாள் விமானம் வைக்காதீர்கள், முக்கியமான விசேஷம் இருந்தால் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள்.

ஜூலையில் ஊருக்குப் போனேன். தங்கை மகளுக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கிப் போட்டேன். தங்கை கதவைத் திறந்தாள், அழுதாள், பிறகு சோறு போட்டாள். எல்லாக் கதையையும் பாட்டிக்கு உட்கார்ந்து சொன்னேன். இந்தாய் கொடுத்த ஒரு பாட்டிலை, நான் குடிக்க மாட்டேன் என்று தெரிந்தே, உன் பாட்டிக்குக் காட்டு என்று கொடுத்திருந்தாள். மேசை மேல் வைத்தேன். பாட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"இது அரிசியா?"

"ஆமா பாட்டி. அவங்க வயல்ல விளைஞ்சது."

"தொடாம விட்டா உனக்கு ஆபத்துன்னா சொன்னா அந்தப் பொம்பள?"

"கொடுத்ததைத் தொடாம விட்டா, யாருக்குக் கொடுத்தாங்களோ அவங்களுக்கு."

பாட்டி ரொம்ப நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, சுட்டுவிரல் நுனியால் கண்ணாடியை ஒரு தடவை தொட்டாள். எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அவ புள்ளைக்குக் கொழந்த பொறந்திச்சே, பொண்ணா பையனா?" என்று கேட்டாள்.